கம்பத்தைச் சாய்த்தால் வெற்றி: ஜப்பானின் ‘போ-தாவோஷி’க்குத் தடை தேவையா?

உயரமான ஒரு மரக்கம்பம். அதைச் சுற்றி வெள்ளைச் சட்டையில் 75 பேர் இறுக்கிக் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். உச்சியில் ஒருவர் தொற்றிக்கொண்டிருக்கிறார். எதிரணியின் 75 பேர் ஓடிவந்து இவர்கள் தோள்மீதும் தலைமீதும் ஏறிப் பாய்கிறார்கள். சமூக வலைதளங்களில் இந்த வீடியோவை முதல்முறை பார்க்கிறவர்கள் ‘என்னப்பா இது, கலவரமா?’ என்றுதான் கேட்பார்கள். கலவரம் இல்லை, இது ‘போ-தாவோஷி’. ‘போ’ என்றால் கம்பு, ‘தாவோஷி’ என்றால் சாய்ப்பது.

எப்படி விளையாடுவாங்க?

ஜப்பானில் இதற்குப் பெயர்போன இடம் யோகோசுகாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமி. ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் கல்லூரி விழாவில் மாணவர்களின் நான்கு படைப்பிரிவுகள் மோதும். அணிக்கு 150 பேர். பாதிப் பேர் சொந்தக் கம்பத்தைக் காக்க, மீதிப் பேர் எதிரணியின் கம்பத்தைச் சாய்க்க. இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். எதிரணியின் கம்பத்தை 30 டிகிரி வரை முதலில் சாய்க்கும் அணிக்கே வெற்றி. 1973 வரை 45 டிகிரி சாய்த்தாலே போதும். பிறகுதான் விதியைக் கடுமையாக்கினார்கள்.

பார்க்கத்தான் தள்ளுமுள்ளு. உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. தாக்கும் அணியில் சிலர் குனிந்து முதுகைப் படிக்கட்டாகக் கொடுப்பார்கள், மற்றவர்கள் அதில் மிதித்துத் தாவுவார்கள். காக்கும் அணியில் ஒரு வட்டம் கம்பத்தைத் தாங்கும், இன்னொரு வட்டம் ஓடிவருபவர்களைத் தடுக்கும். உச்சியில் இருப்பவருக்கு ‘நிஞ்சா’ என்று பெயர். கம்பம் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் உடம்பைச் சாய்த்து நிமிர்த்துவதும், ஏறி வருபவர்களை உதைத்துத் தள்ளுவதும் இவர் வேலை. தலைக்கவசம் போட்டாலும் அடிபடாமல் ஆட்டம் முடிவது கஷ்டம்.

சரி, தடை செய்யணுமா?

பள்ளி விளையாட்டு விழாக்களிலும் இது நடப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. அடிபடுமோ என்ற பயத்தில் பல பள்ளிகள் இதைக் கைவிட்டுவிட்டன. அந்தப் பயத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஜப்பான் பள்ளிகளில் மாணவர்களை அடுக்கி மனிதப் பிரமிடு கட்டும் ‘குமிதாய்சோ’ பயிற்சியால் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 8,000-க்கும் மேற்பட்ட விபத்துகள் பதிவாகின. 2015-ல் ஒசாகா மாகாணத்தில் 10 அடுக்குப் பிரமிடு சரிந்து மாணவருக்குக் கை முறிந்தது. அடுத்த ஆண்டு அரசே பள்ளிகளை எச்சரித்துச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. பிரமிடு எத்தனை அடுக்கு என்பதைப் பெரும்பாலும் ஆசிரியர்கள்தான் முடிவு செய்வார்கள். அடியில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு ‘எனக்கு வேணாம்’ என்று சொல்ல வழியில்லை. போ-தாவோஷிக்குப் புகழ்பெற்ற டோக்கியோவின் கைசெய் பள்ளியில் கதை வேறு. அங்கே மே மாத விளையாட்டு விழாவையே மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். விதிகளை வகுக்க ஒரு மாணவர் குழு, ஏற்பாடுகளுக்கு ஒன்று, நடுவர்களாக இன்னொன்று. அடிபடப் போகிறவர்களே விதியையும் எழுதுகிறார்கள்.

அங்கேயும் சிக்கல் இல்லாமல் இல்லை. அணியின் மானம் என்று வரும்போது, ஒதுங்கி நிற்க நினைக்கும் பையனுக்கு அது லேசில் முடியாது. பாதுகாப்பு அகாடமியில் விரும்பிச் சேர்ந்த 18 வயது தாண்டியவர்களுக்கே அந்த அழுத்தம் இருக்கும் என்றால், பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் ஒட்டுமொத்தத் தடை தேவையில்லை. ஆனால் இதை நடத்தும் ஒவ்வொரு பள்ளியும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். விதியை எழுதியது யார்? பயிற்சி எத்தனை நாள்? ‘நான் வரல’ என்று சொல்லும் மாணவரை யாரும் கேலி செய்யாமல் விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடியாத பள்ளி, கம்பத்தை நடாமல் இருப்பதே நல்லது.