லோகோ எரியணும்... வண்டி எரியக் கூடாது!

ராத்திரி ஒன்பது மணி. சிக்னல்ல நிக்கிறீங்க. பின்னாடி வந்து நிக்குது ஒரு கார். முன்பக்கம் அந்த கம்பெனி லோகோ மட்டும் வெள்ளையா ஜொலிக்குது. ‘அட, நம்ம வீட்டு வண்டியிலயும் இப்படி ஒண்ணு போட்டா எப்படி இருக்கும்?’னு உங்க மண்டைக்குள்ள ஒரு பல்பு எரியுது பாருங்க... அந்த பல்பைப் பத்திதான் இந்த வாரம்!

இது ஏதோ புது ஃபேஷன்னு நினைச்சுடாதீங்க பாஸ். இங்கிலாந்தோட ‘வுல்ஸ்லி’ கார்கள்ல 1930-கள்லயே ரேடியேட்டர் மேல இருக்கற பேட்ஜ் ராத்திரியில எரியும். 1950-கள்ல அமெரிக்காவோட ‘பான்டியாக்’ கார்கள்ல, பானெட் மேல இருந்த பழங்குடித் தலைவர் முகத்துக்கு உள்ளேயே லைட் வெச்சாங்க. 2019-ல வந்த பி.எம்.டபிள்யூ எக்ஸ்-6ல கிரில்லே எரிஞ்சுது. ஆக, இது தாத்தா காலத்து ஆசை. என்ன ஒண்ணு... அதையெல்லாம் ஃபேக்டரியில இன்ஜினீயர்கள் பண்ணாங்க. நாம ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாசல்ல உட்கார்ந்து பண்ணப் போறோம். அதுலதான் விஷயமே இருக்கு!

நானும் பண்ணினேன். காலேஜ் செகண்ட் இயர். அப்பாவோட பழைய கார். லோகோ வாங்கி, ஒட்டி, ரெண்டு வயரையும் நேரா பேட்டரியில சொருகி, நடுவுல ஒரு ஸ்விட்ச். மொத்தம் இருபது நிமிஷம். தெருவே வந்து பார்த்துச்சு. காலர் தானா மேல ஏறிச்சு.

மூணாவது நாள். அப்பா ஓட்டறார், பின் சீட்ல அம்மா. திடீர்னு ரப்பர் கருகற நாத்தம். பானெட் இடுக்குல புகை! ஓரம் கட்டித் திறந்து பார்த்தா, நான் இழுத்த வயர் ஒரு இரும்புத் தகட்டுல உரசி உரசி, மேல்தோல் கிழிஞ்சு பாடியைத் தொட்டுடுச்சு. முழு வயரும் கருகிப்போச்சு. அப்பா அவசரமா பேட்டரி டெர்மினலைக் கழட்டினார். என்னைத் திட்டவே இல்லை. ‘பின்னாடி உங்கம்மா உட்கார்ந்திருக்காடா’ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

அப்படி என்ன தப்பு பண்ணேன்? ஒரே தப்புதான். ஃப்யூஸ் போடலை.

சின்னக் கணக்கு ஒண்ணு. எரியற லோகோ சுமாரா அஞ்சு வாட்னு வெச்சுப்போம். கார் பேட்டரி 12 வோல்ட். அஞ்சை பன்னிரண்டால வகுத்தா, 0.4 ஆம்பியர். ரொம்பக் கம்மி. ‘இதுக்கு எதுக்குடா ஃப்யூஸ்’னுதான் தோணும். ஆனா வயர் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆனா, லோகோ எவ்வளவு இழுக்கும்ங்கற கணக்கெல்லாம் செல்லாது. இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்காக நூத்துக்கணக்கான ஆம்பியரைத் தள்ளத் தெரிஞ்ச பேட்டரி அது. அவ்வளவும் அந்த நூல் மாதிரி வயர்ல பாய்ஞ்சா? அந்த வயரைக் காப்பாத்தறதுதான் ஃப்யூஸோட வேலை. அதனாலதான் அதை லோகோ பக்கத்துல போடக் கூடாது, கரன்ட் கிளம்பற இடத்துக்குப் பக்கத்துலயே போடணும்.

ஓகே, இப்ப சரியா எப்படிப் பண்றது?

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியோட நெகட்டிவை முதல்ல கழட்டுங்க. முடிச்சதும் அதைத்தான் கடைசியா மாட்டணும். மாத்திப் பண்ணினா, பாசிட்டிவைக் கழட்டற ஸ்பேனர் தப்பித்தவறி பாடியில பட்டு பொறி பறக்கும்.

பழைய லோகோவை ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதீங்க, பெயின்ட் போயிடும். ஒட்டின லோகோன்னா, ஹேர் டிரையரால கொஞ்சம் சூடு காட்டி, மீன் பிடிக்கற நரம்பைப் பின்னாடி விட்டு ரம்பம் மாதிரி இழுத்தா அழகா வந்துடும். கிளிப், ஸ்க்ரூ போட்டதுன்னா உள்பக்கத்துலேர்ந்துதான் கழட்டணும்.

கரன்ட் எங்கேர்ந்து எடுக்கறது? நேரா பேட்டரியிலேர்ந்து எடுத்து, ராத்திரி ஸ்விட்சை ஆஃப் பண்ண மறந்தா என்ன ஆகும்? 0.4 ஆம்பியர்னாலும் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-ஹவர் காலி. சின்ன கார்ல 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரின்னா, ஒரு லாங் லீவு முடிஞ்சு வந்து பார்க்கும்போது வண்டி செத்துக் கிடக்கும். அதனால, ஃப்யூஸ் பாக்ஸ்ல பார்க்கிங் லைட் ஃப்யூஸ் இருக்கற இடத்துலேர்ந்து எடுங்க. பார்க் லைட் போட்டா லோகோவும் எரியும், அணைச்சா அணையும். இதுக்குன்னே ‘ஆட்-எ-ஃப்யூஸ்’னு ஒரு சாமான் இருக்கு. பழைய ஃப்யூஸுக்கு ஒரு இடம், உங்க புது 2 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இன்னொரு இடம். ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். ஃப்யூஸ் சைஸ் மட்டும் பார்த்து வாங்குங்க. சென்னையில இருக்கறவங்களுக்கு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, ரிச்சி ஸ்ட்ரீட் மூணையும் சுத்தினா எல்லாமே கிடைச்சுடும்.

மஞ்சள் கலர் உறை போட்ட வயரையோ, மஞ்சள் கனெக்டரையோ தொடவே தொடாதீங்க. அது பெரும்பாலும் ஏர்பேக் சமாச்சாரம்.

வயர் போற வழிதான் ரொம்ப முக்கியம். ரேடியேட்டர் ஃபேன், சூடாகற பைப், கூரான தகடு... இந்த மூணு பக்கமும் போகக் கூடாது. மேல பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டி, நாலு விரல் இடைவெளியில டேக் போட்டு இறுக்குங்க. ஜாயின்ட்ல இன்சுலேஷன் டேப் சுத்தினா சூட்டுல பிசின் உருகி அவிழ்ந்துடும். சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க. லோகோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி வயரைக் கொஞ்சம் தொங்க விட்டு மேல ஏத்தினா, மழைத் தண்ணி அந்த வளைவுலேயே சொட்டிடும், உள்ள போகாது.

கலர் விஷயத்துல ஹீரோயிசம் வேண்டாம். வண்டியோட முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியக் கூடாதுன்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே இருக்கு. நீலத்தைப் பார்த்தா போலீஸ் வண்டியோன்னு எதிர்ல வர்றவர் குழம்புவார். மாடிஃபிகேஷனுக்குக் கடிவாளம் போடற சட்டமும் இருக்கு. அதனால கண்ணு கூசாத வெள்ளை, அதுவும் மங்கலா. சந்தேகம்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

வண்டி வாரன்ட்டியில இருக்கா? கைய வைக்காதீங்க, சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. தானா வேகத்தைக் கூட்டிக் குறைக்கற க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கற கார்னா இன்னும் உஷார்! அதுல சில மாடல்கள்ல லோகோவுக்குப் பின்னாடிதான் ரேடாரே இருக்கும். நீங்க மேல ஒட்டற லோகோ, அதோட கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

என் கதை முடியலை. ரெண்டு மாசம் கழிச்சு அப்பாவே ‘மறுபடி போடு, ஆனா நான் பக்கத்துல இருப்பேன்’னார். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆச்சு. இருபது நிமிஷ வேலைக்கு ஆறு மணி நேரம்! அந்த நவம்பர் மழையில ஒரு நாள் லோகோ எரியலை. பானெட்டைத் திறந்தா, ஒரு கருகல் இல்ல, ஒரு நாத்தம் இல்ல. லோகோவுக்குள்ள தண்ணி போயிருந்துச்சு. ஃப்யூஸ் மட்டும் சத்தமில்லாம உயிரை விட்டிருந்துச்சு. பத்து ரூபாய் சமாச்சாரம்!

அதனால, லோகோவைப் போட்டு முடிச்சதும் ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டுக் காட்டறதுக்கு முன்னாடி, அப்பாவைக் கூப்பிட்டு அந்த ஃப்யூஸைக் காட்டுங்க. அப்புறம் சாவியை அவரே தைரியமாக் கொடுப்பார்!