புயல் நாளுக்குப் பால்

கார்த்திகை வானம் கறுத்துவிட்டால் முத்தியால்பேட்டைக் கடைகளில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பால் இருக்கிறதா?" கேட்பதில் தப்பில்லை. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' வந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழையைக் கொட்டியது. தெருவில் வெள்ளம் நின்றால் பால் எப்படி வரும்?

"நாலு பாக்கெட் கூடுதலாக வாங்கி பிரீசரில் போட்டுவிட்டால் போயிற்று" என்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள், சகோதரி. ஆனால் ஒன்று: குளிர் கிருமிகளைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். மாலைவரை சமையல் மேடையில் கிடந்த பாலை உறைய வைத்தால், உருகிய பின்னும் அது கிடந்த பால்தான். ஆகவே பாண்லே பாக்கெட்டானால் வாங்கிய கையோடு உள்ளே போகட்டும். கறந்த பாலானால் காய்ச்சி, பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, பிறகு வையுங்கள்.

பாலில் பெரும்பகுதி தண்ணீர். அது உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். எனவே மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம்; விரிசல் விடும். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, தேதி எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

எடுக்கும்போது முதல் நாள் இரவே பிரிஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். வெளியில் வைத்து உருக்க வேண்டாம். கொழுப்பு பிரிந்து திரிதிரியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மத்தால் கடைந்து காய்ச்சினால் காப்பிக்கும் பாயசத்துக்கும் ஆகும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

மின்சாரம் போய்விட்டால்? தனிக் கதவுள்ள பிரீசர் நிறைந்திருந்து, திறக்காமலும் இருந்தால், சுமார் 48 மணி நேரம் தாங்கும். பாதி நிறைந்ததானால் 24 மணி. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு யுக்தி: டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடக்கிறதா? நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். பால் போனால் போகட்டும்; குழந்தையின் வயிறு முக்கியமல்லவா?