நாலரை மணி நேரம் என்று சொன்னது நான்தான்



போன இதழில் இதே பக்கத்தில் கொஞ்சம் வீராப்பாகப் பேசியிருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக முழு மாரத்தான் ஓடப்போகிறேன், 42.195 கிலோமீட்டரையும் நாலரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன் என்று. "அந்த நேரத்த மட்டும் எடுத்துடலாமா மேடம்?" என்று எங்கள் உதவி ஆசிரியர் அப்போதே கேட்டார். விவரமான பிள்ளை. நான்தான் கேட்கவில்லை.

முடித்தது 5 மணி 37 நிமிடத்தில்.

"என்ன, ஓடி முடிச்சாச்சா?" என்று வந்த போன்களுக்கெல்லாம் "ம், ஆச்சு ஆச்சு" என்று சொல்லிவிட்டு, உங்க ஊர்ல மழை எப்படி என்று பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தபால் கார்டு போட்டிருக்கிறார். நாலரை மணிக்குள் முடித்திருப்பீர்கள் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். போனில் பேச்சை மாற்றலாம், கார்டிடம் முடியாது. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டு இந்தப் பக்கமாகிவிட்டது.

மார்கழி மாதம், விடிகாலை நாலு மணி. பால் வாங்க வந்த பெரியவர் மங்கி குல்லாவும் மப்ளருமாக எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். வெப்பம் 23 டிகிரிதான். சென்னைக்கு அது குளிர்காலம், அவர் மேல் தப்பில்லை. ஆனால் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஓட ஆரம்பிக்கும் முன்பே, கோட்டில் நிற்கும்போதே, எனக்கு முதுகில் வியர்வை இறங்கியது. ஈரப்பதம் என்ற சொல் வானிலை அறிக்கைக்குச் சரி. பாட்டி சொல்லும் புழுக்கம்தான் சரியான சொல். நெல்லைப் புழுக்குகிற மாதிரி ஆளை நிறுத்தி வைத்துப் புழுக்குகிறது.

ஓடும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் ஓட்டத்துக்கென்று போவது ஏறத்தாழக் கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் சூடுதான். அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோய்விடும். ஆவியானால்! வெறுமனே சொட்டிப் போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாத மதுரையில், காற்று வறண்டு கிடக்கும்போது, பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையைப் புழுக்கமான நாளில் சென்னைக் கடற்கரைப் பக்கம் கொண்டுவந்து மணலில் வையுங்கள். வெளிப்புறம் நசநசவென்று ஈரமாகவே இருக்கும், தண்ணீரும் அப்படியொன்றும் சில்லென்று இராது. பானையின் குற்றமா அது?

முதல் பாதியை 2 மணி 14 நிமிடத்தில் முடித்தேன். கணக்குப்படி ஒரு நிமிடம் லாபம். பெருமையாக இருந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. பயிற்சியில் இதே வேகத்துக்கு என் இதயத்துடிப்பு 150 காட்டும். அன்று 15-வது கிலோமீட்டரிலேயே கைக்கடிகாரம் 168 என்றது. ரத்தம் காலுக்கும் போக வேண்டும், சூட்டை இறக்கத் தோலுக்கும் போக வேண்டும். வியர்த்து வியர்த்து அந்த ரத்தமே குறைந்துகொண்டு வருகிறது. அப்போது இதயம் கூடுதலாக அடிக்காமல் என்ன செய்யும்? இதெல்லாம் எனக்குத் தெரியும். நம் இதழிலேயே மருத்துவர்களிடம் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறோம். ஆனாலும் 168-ஐப் பார்த்துவிட்டு, கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன்.

முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வெயிலும் ஏறிவிட்டது. வியர்வை எல்லாம் வழிந்து ஷூவுக்குள் இறங்கி, அடி எடுத்து வைத்தால் சளக் சளக்கென்று சத்தம். நாலரை மணிக்கு வேகம் காட்டப் பலூனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்னைத் தாண்டிப் போனார். பிறகு நாலே முக்கால் போனது. ஐந்து போனபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முப்பத்து நாலாவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை இருந்த இடத்துக்கு நான் போய்ச் சேரும்போது தண்ணீர் தீர்ந்து மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். சிதறிக் கிடந்த பேப்பர் கப்புகளைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நடைபாதை விளிம்பில் உட்காரப் போனேன். துடைப்பத்தை நீட்டி மறித்தார்.

"உக்காராதீங்கம்மா. உக்காந்துட்டா எந்திரிக்க முடியாது. நின்னுக்கினே குடிங்க."

வண்டியில் மாட்டியிருந்த பையிலிருந்து பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவருடைய தண்ணீர். பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கி, மீதியில் கொஞ்சத்தை என் பிடரியில் ஊற்றிவிட்டு மூடியைத் திருகினார். "ராவு ரெண்டு மணிக்கு வந்தது. இன்னிக்கு ஒரே வேக்காடு" என்றார், குறையாக இல்லை, தகவலாக. நான் நடக்க ஆரம்பித்த பிறகுதான், அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று உறைத்தது.

மீதி எட்டு கிலோமீட்டர் பெரும்பாலும் நடைதான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் அலுவலகம். எங்களுக்கு முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறிவிட்டேன். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக, ஏணியில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். அச்சகத்துப் பையன் கீழே நின்று வழி விட்டான். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.

எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "முடிச்சீங்கள்ல, அதுவே பெருசு." அன்பாகச் சொல்கிறார்கள், தெரிகிறது. ஆனாலும் எரிச்சலாக வந்தது. ஐந்து மாதம் நாலு மணிக்கு அலாரம் வைத்தவளுக்கு ஏமாற்றமடைய ஒரு வாரமாவது உரிமை இல்லையா? வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு, ஊறுகாய் வேணுமா என்று மட்டும் கேட்டார். அதுதான் அன்று இறங்கியது.

கால் வலியில் தூக்கம் வராத ராத்திரியில், என்னைவிட மோசமாக யாராவது ஓடியிருக்கிறார்களா என்று தேடினேன். மனசு ஆறுவதற்குத்தான், ஒப்புக்கொள்கிறேன். 2019 செப்டம்பரில் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். கிளம்பிய 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். 2021-ல் அதே பயத்தில் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் ஆண்களில் 106 பேர் கிளம்பி 30 பேர் முடிக்கவில்லை. வென்ற கிப்சோகேவின் நேரம் 2:08:38. பெர்லினில் 2018-ல் அவர் ஓடியது 2:01:39. (பதக்கத்துக்காக ஓடும்போது யாரும் நேரத்தைத் துரத்துவதில்லை என்பதும் உண்டு. ஏழு நிமிடப் பழியையும் வெயில் தலையில் கட்ட வேண்டாம்.)

இவர்களைவிட என்னைப் பிடித்துக்கொண்டவர் ஷிசோ கனகுரி. ஜப்பான் முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு அனுப்பிய இரண்டு பேரில் ஒருவர். 1912, ஸ்டாக்ஹோம். இருபது வயது. கப்பலிலும் சைபீரிய ரயிலிலுமாக இரண்டு வாரத்துக்கு மேல் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். போட்டியன்று கடும் வெயில். ஓடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் விழுந்து மறுநாள் இறந்தே போனார். கனகுரியும் பாதி தாண்டித் தள்ளாடி, வழியில் ஒரு தோட்டத்தில் தாகத்துக்குக் குடிக்க ஒதுங்கினார், அதோடு ஓட்டம் நின்றது என்பார்கள். போட்டி நடத்தியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமலே ஊர் திரும்பிவிட்டார். ஸ்வீடனில் அவரைக் காணாமல் போனவர் கணக்கில் வைத்திருந்தார்களாம். 1967-ல், 75 வயதில், அவரைக் கூப்பிட்டு மீதி ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். நேரம்: 54 வருடம், 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி.

இதை வேடிக்கைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு, அவர் சொல்லாமல் கிளம்பினார் பாருங்கள், அந்த இடம்தான் மனதில் நின்றது. போனில் பேச்சை மாற்றியவளுக்கு அது புரியாதா? அந்த 54 வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை என்பதை வேடிக்கையாகச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1916 ஒலிம்பிக் போரில் நின்றுபோனது. 1920-ல் ஆண்ட்வெர்ப்பில் ஓடி 16-வதாக வந்தார். 1924-ல் பாரிஸில் மறுபடி முடிக்க முடியவில்லை. ஜப்பானில் ஒவ்வொரு ஜனவரியும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு நாள் ஓடும் ஹகோனே தொடரோட்டத்தை 1920-ல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

மூன்றாம் நாள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் வானிலையின் பங்கு, மறுபக்கம் என் பங்கு. வானிலைப் பக்கத்தில் புழுக்கம், ஏழரைக்கு மேல் வெயில், அன்று பார்த்து வராத கடல்காற்று. என் பக்கத்தில் முதலில் எழுதியது ஏசி. டிசம்பர் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதால் கடைசி மூன்று வாரமும் ஜிம்மில், ஏசியில், டிரெட்மில்லில்தான் ஓடினேன். சூட்டுக்குப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் வேண்டும். பழக்கம் விட்டுப்போக அதிக நாள் ஆகாது. அடுத்து, அந்த 168. அதற்கடுத்து, போன இதழின் வீராப்பு. வயதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் கோட்டின் மேலேயே எழுதினேன். முதல் நாள் எல்லாமே புழுக்கத்தால் என்றிருந்தேன். இரண்டாம் நாள் எல்லாமே என்னால் என்று அழுதேன். இரண்டுமே பொய். தாளில் போட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய ஆறுக்கு நாலு என்று வந்தது. யாருக்கு ஆறு என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

ஓடுகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புழுக்கமான நாளில் வேகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு மூச்சையும் துடிப்பையும் பார்த்து ஓடுங்கள். பயத்தில் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போவதும் ஆபத்துதான். பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், அவரை நிறுத்தி, நிழலில் கிடத்தி, ஐஸோ குளிர்ந்த தண்ணீரோ எது கிடைத்தாலும் உடம்பு முழுக்கக் கொட்டுங்கள். உடம்பைக் குளிர வைப்பது முதலில், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்குப் பிறகு. தோல்வி கண்ட மறுநாளே அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பவர்களும் உண்டு, பழி தீர்க்கிறார்களாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் இன்னும் கொடுக்கவில்லை. படி இறங்க முடியட்டும் முதலில்.

ஓடி முடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் என் ஷூவை அலசி, ஈரம் உறிஞ்சுவதற்குக் கையில் கிடைத்த தாள்களைக் கசக்கி உள்ளே திணித்து மொட்டை மாடியில் வைத்திருந்தார். நேற்று எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். போன இதழின் புரூஃப், இதே பக்கம். "நாலரை மணி நேரத்துக்குள்" என்ற இடத்துக்குக் கீழே உதவி ஆசிரியரின் பென்சில் கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. தாளை நீவி எடுத்துத் தபால் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஷூவுக்குள் வேறு தாள் அடைத்தேன். வலதுகால் காய்ந்துவிட்டது. இடதுகால் இன்னும் காயவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்