ஸ்லீவா, பைபாஸா?

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்காக எங்களிடம் வருவோரில் பலர், "உறவினர் ஒருவர் ஸ்லீவ் செய்துகொண்டார், எனக்கும் அதுவே போதும்" என்று முடிவு செய்தே வருகின்றனர். எவ்வளவு எடை குறையும் என்பதைவிட, முன்னதாகக் கேட்க வேண்டியவை வேறு உள்ளன என்று கருதுகிறோம்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வெட்டி அகற்றப்படுகிறது. அகற்றியதை மீண்டும் பொருத்த இயலாது. குடலின் வழி மாறாததால் இது எளிதெனத் தோன்றும். எனினும், இரவில் நெஞ்செரிச்சலால் எழுந்து அமர்பவருக்கு இதனைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம், எரிச்சல் மிகக்கூடும். வருத்தம் என்னவெனில், நோயாளிகள் இதை ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. ஜெலுசில் குடித்துவிட்டு மறந்துவிடுகின்றனர்.

பைபாஸில், சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பையாக இரைப்பையின் மேற்பகுதி பிரிக்கப்பட்டுச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. நெஞ்செரிச்சலும் சர்க்கரை நோயும் உடையோருக்குப் பெரும்பாலும் இதுவே ஏற்றது. ஆனால், மூட்டுவலிக்கு உட்கொள்ளும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அவ்விணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடும், புகைப்பழக்கமும் அவ்வாறே. அம்மாத்திரையின்றி நடக்க இயலாதவருக்கு ஸ்லீவே மேல் என்போம்.

இரண்டு தொல்லைகளும் உள்ளவருக்கு என்ன சொல்வது? அங்கே எங்களுக்குள்ளும் விவாதம் எழுவதுண்டு.

எம்முறையாயினும் வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடரும். பைபாஸில் இரும்புச்சத்து, கால்சியம், பி12 ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். மாதச் செலவில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முதல் ஆலோசனைக்கு வரும்போது, கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள். இரவில் உங்களுடன் விழித்திருப்பவரையும் அழைத்து வாருங்கள்.