சின்னப்பம்பட்டியும் நான்காம் டிவிஷனும்

இங்கிலாந்துக் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஜேமி வார்டியின் கதை மனப்பாடம். "ஆள் குட்டையாக இருக்கிறான்" என்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் 16 வயதில் அவரைக் கழற்றிவிட்டது. அதன்பின் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற, பெயரைச் சொன்னால் இங்கிலாந்துக்காரர்களே யோசிக்கும் ஒரு குட்டி அணி. வாரச் சம்பளம் 30 பவுண்ட். பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் கோல் அடிப்பது. 2010-ல் ஹாலிஃபாக்ஸ், 2011-ல் ஃபிளீட்வுட், 2012-ல் பத்து லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் சிட்டி. 2016-ல் அந்த லெஸ்டர் பிரீமியர் லீக் கோப்பையையே தூக்கியது!

நம்மூரில் இப்படி ஒரு ஆள் உண்டா என்று கேட்டால் தேட வேண்டியதே இல்லை. ஆட்டம்தான் வேறு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி, தங்கராசு நடராஜன். சுருக்கமாக நட்டு.

அவரைப் பற்றி ஏற்கெனவே ஆயிரம் கட்டுரைகள் வந்தாயிற்று. எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: அப்பா தறிக்கூலி, அம்மா சாலையோரக் கடை, ஐந்து பிள்ளைகள், வறுமை, விடாமுயற்சி, வெற்றி. எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தப் பல்லவியைப் பாடிப் பாடியே நாம் முக்கியமான ஒன்றைத் தவற விட்டுவிட்டோம். ஏழை வீட்டுப் பையன் பந்து வீசினான், இந்திய அணிக்கு வந்தான் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டால் நடுவில் இருந்த ஏணி கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. அந்த ஏணி எங்கே சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயமே.

தாரமங்கலம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காய்ந்த ஏரியிலோ அறுவடை முடிந்த காட்டிலோ டென்னிஸ் பந்து டோர்னமெண்ட். நுழைவுக் கட்டணம் கட்டினால் ஆடலாம், முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு என்று ஃபிளெக்ஸ் போர்டு. சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என்று அணிகள் டூவீலரில் மூன்று மூன்று பேராகக் கிளம்பி வரும். ஆட்டம் சாதாரணமாக இருக்காது, அனல் பறக்கும். கடைசி ஓவரில் காலடியில் யார்க்கர் இறக்கத் தெரியாதவன் அங்கே பவுலரே இல்லை. நடராஜனின் யார்க்கருக்கு அந்த மண்தான் பள்ளிக்கூடம்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் மார்க் ஷீட் தராது! அங்கே எத்தனை விக்கெட் எடுத்தாலும் எந்தத் தேர்வாளர் கணக்கிலும் ஏறாது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் சின்ன ஊர்தான், ஆனால் அங்கே வார்டி அடித்த ஒவ்வொரு கோலும் ஒரு லீக் கணக்கில் ஏறியது. அந்த லீக்குக்கு மேல் இன்னொரு லீக், அதற்கு மேல் இன்னொன்று, கடைசியில் பிரீமியர் லீக். பக்கத்து ஊரிலிருந்தே ஏற ஆரம்பிக்கலாம். நடராஜனோ 20 வயது வரை முழுக்க டென்னிஸ் பந்து ஆட்டக்காரர். ஊரில் மூத்தவரான ஜெயபிரகாஷ் என்பவர் அவரை அடையாளம் கண்டு சென்னைக்குத் தள்ளிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இன்றும் அந்த ஃபிளெக்ஸ் போர்டு பரிசுப் பணத்தோடு கதை முடிந்திருக்கும்.

சென்னையில் அவர் ஏறிய முதல் படி, பி.எஸ்.என்.எல். அணிக்காக நான்காம் டிவிஷன் லீக். அங்கிருந்து விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ். இந்த டிவிஷன் லீக் முறை இங்கிலாந்துக் கால்பந்து போலத்தான். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. முதல் டிவிஷனில் சாதித்தால் ரஞ்சி அணியின் கதவைத் தட்டலாம். நல்ல ஏணிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது சாத்தி வைக்கப்பட்டிருப்பது சென்னையில். சின்னப்பம்பட்டிப் பையன் முதல் படியில் கால் வைக்கவே முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போக வேண்டும், தங்க இடம் தேட வேண்டும், சோற்றுக்கு வழி பார்க்க வேண்டும். சென்னைப் பையன் பள்ளிக்கூட வயதிலேயே அந்தப் படியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பான். (சென்னை நண்பர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் மேல் தப்பில்லை, ஏணி மேல்தான்.)

இந்தத் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. 2015 ஜனவரியில் ஈடன் கார்டனில் வங்காளத்துக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம். அத்தோடு அவர் பந்து வீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. 23 வயதில்! டென்னிஸ் பந்தில் ஊறிய கை அது. ஏரிக்குள் நடக்கும் டோர்னமெண்டில் யார் வந்து முழங்கை மடங்குவதை அளந்து பார்ப்பார்கள்? 14 வயதில் ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டிருந்தால் அப்போதே திருத்தியிருப்பார்கள். இங்கே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. சுனில் சுப்பிரமணியம், வாசு, வெங்கட்ரமணா போன்றவர்கள் கூட இருந்து உதவினார்கள். பல பேர் இந்த இடத்திலேயே மூட்டை கட்டிவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள்.

2016-ல் டி.என்.பி.எல். வந்தது. திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர். எதிரே நின்றது அபினவ் முகுந்த். மறு வருடம் ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலை 3 கோடி ஆனது, பஞ்சாப் எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட், அவ்வளவுதான். 2018-ல் 40 லட்சத்துக்கு ஹைதராபாத். அங்கே இரண்டு வருடம் பெஞ்ச். 2020-ல் 16 ஆட்டத்தில் 16 விக்கெட், டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பைப் பெயர்த்த அந்த ஒரு யார்க்கர்... அதற்கு அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வலைப் பயிற்சி பவுலராக ஆஸ்திரேலியா போனவர் டிசம்பர் 2-ல் ஒருநாள், டிசம்பர் 4-ல் டி20, 2021 ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். அதற்கு முன் எந்த இந்தியரும் அப்படி ஆனதில்லை. இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரர். காபாவில் வென்ற கோப்பையை ரஹானே வாங்கி அவர் கையில்தான் கொடுத்தார். ஊரில் சாரட்டு வண்டி ஊர்வலம்.

இப்போது இரண்டாவது பல்லவிக்கு வருவோம். "பாவம் நட்டு, நல்லா வந்தான், காயம் கெடுத்துடுச்சு, அப்புறம் கண்டுக்கவே இல்ல." 2021 மார்ச் 28-ல் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்னைக் காத்தார், சாம் கரன் அசையாத பாறை மாதிரி எதிரே நிற்கும்போது! அதுதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம். அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சை. மொத்தம் 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. இதை வைத்துக்கொண்டு அவரை அனுதாபப் பட்டியலில் சேர்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

கணக்கைப் பாருங்கள். காயத்துக்குப் பின் 2022 ஐ.பி.எல்.லில் 18 விக்கெட், 2024-ல் 14 ஆட்டத்தில் 19 விக்கெட், அணி இறுதிப் போட்டி வரை போனது. அந்த வருடத்து உலகக் கோப்பைக்கு அவரை எடுக்காதது அநியாயமா என்றால் வாதாடலாம். பும்ராவும் அர்ஷ்தீப்பும் இருந்த அணி அது, கொண்டு வந்தது கோப்பை, எனவே வாதம் ரொம்ப தூரம் போகாது. 2025-ல் டெல்லி 10.75 கோடி கொடுத்து எடுத்துவிட்டு இரண்டே இரண்டு ஆட்டத்தில்தான் இறக்கியது. அது அந்த அணி விளக்க வேண்டிய விஷயம். ஆனால் நான்காம் டிவிஷனில் 20 வயதில் தொடங்கிய ஒருவர் முப்பதைத் தாண்டியும் இந்த விலைக்குப் போகிறார் என்றால் அது தோல்விக் கதையா? வார்டியும் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை எதையும் வெல்லவில்லை. லெஸ்டரில் 200 கோல் அடித்துவிட்டு 2025-ல் விடைபெற்றார், அவரை யாரும் பாவம் என்று சொல்வதில்லையே.

சரி, ஏணிக்கு வருவோம். ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். 2020 பிப்ரவரியில் வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் புல்தரை மைதானம் திறந்தார்கள், டிராவிட் வந்திருந்தார். டி.என்.பி.எல். ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. சின்னப்பம்பட்டியிலேயே 2023 ஜூனில் நடராஜன் சொந்தமாக ஒரு மைதானம் அமைத்தார், தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். அதே ஊர்க்காரரான பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில் சேப்பாக்கத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கலாம்.

ஆனால் மைதானம் வேறு, லீக் வேறு. டி.என்.பி.எல். சில வாரத் திருவிழா, தேர் கிளம்பிவிட்டால் அடுத்த வருடம்தான். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களை ஒன்றாக இணைத்து வாராவாரம் ஆடும், ஏறும் இறங்கும் டிவிஷன்கள் கொண்ட, சென்னை முதல் டிவிஷனுக்குச் சமமாகத் தேர்வாளர்கள் மதிக்கும் ஒரு லீக் இருந்தால்? ஆட ஆள் பஞ்சமே இல்லை. ஒரு ஞாயிறு மதியம் ஓமலூரிலிருந்து எடப்பாடி வரை பஸ்ஸில் போய்ப் பார்த்தாலே போதும், ஜன்னலுக்கு வெளியே குறைந்தது ஐந்து மேட்சாவது நடந்துகொண்டிருக்கும். ஸ்கோர் எழுதுகிறவன் பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பான். மேட்ச் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துத்தான் போண்டா மடிப்பார்கள்.