மொழிகளுக்கும் வருணம் வகுப்பதா?

‘ஒரு நாட்டுக்கு ஒரு தேசிய மொழி வேண்டாமா?’ ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 14, இந்தி நாளன்று, இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பலர் இந்தி ஏற்கெனவே தேசிய மொழிதான் என்று நம்புகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 343ஆவது பிரிவு, தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்று மட்டுமே சொல்கிறது. ‘தேசிய மொழி’ என்ற தகுதியை அரசமைப்பு எந்த மொழிக்கும் தரவில்லை.

பெரும்பான்மையினர் பேசுவது இந்திதானே என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தி பேசுவோர் சுமார் 52.8 கோடி. மொத்த மக்களில் இது பாதிகூட இல்லை. இந்தக் கணக்கிலும் போஜ்புரி பேசும் 5 கோடிப் பேர், சத்தீஸ்கரி பேசும் 1.6 கோடிப் பேர், ராஜஸ்தானி, மகஹி பேசுவோர் எல்லாரும் இந்திக்காரர்களாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தம் தாய்மொழி இந்தி என்றே பதிவுசெய்தவர்கள் 32 கோடிதான்.

எட்டாவது அட்டவணையைப் பாருங்கள். 24,821 பேர் தாய்மொழியாகப் பதிவுசெய்த சமற்கிருதத்துக்கு அதில் இடமுண்டு. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசும் பீலிக்கு இடமில்லை. 29 லட்சம் பேர் பேசும் கோண்டிக்கும் இல்லை. இரண்டும் பழங்குடி மக்களின் மொழிகள். பேசுகிறவர் யார் என்பதை வைத்தே மொழிக்கு மதிப்பு என்றால், அது வருண முறை அன்றி வேறென்ன? இந்தப் படிக்கட்டின் உச்சியில் ஒரு மொழியை அமர்த்துவதற்குப் பெயர்தான் ‘தேசிய மொழி’.

அண்ணல் அம்பேத்கர் இந்தியைப் பொது ஆட்சிமொழியாக ஆதரித்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1955இல் வெளியான ‘மொழிவாரி மாநிலங்கள் பற்றிய சிந்தனைகள்’ நூலில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். மொழிவாரி மாநிலங்கள் ஆதிக்கச் சாதிகளின் கோட்டையாகிவிடும் என்ற அச்சமும் அதே நூலில் இருக்கிறது. அவர் சொன்ன தீர்வில் நாம் மாறுபடுகிறோம். இந்தி ஆட்சிமொழியாக உள்ள மாநிலங்களில் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் அவருடைய அச்சம் நமக்கும் பொருந்தும்.

1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்று, 1939 சனவரியில் உயிர்நீத்த நடராசன் ஒரு தலித் இளைஞர். அந்தத் தியாகத்தைக் கொண்டாடும் இதே மண்ணில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற அருந்ததியரை ‘வந்தேறி’ என்கிற குரலும் கேட்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் ஊர்களின் குப்பையையும் மலத்தையும் அள்ள வைக்கப்பட்ட மக்கள் அவர்கள். அவர்களிடம் தமிழ்ச் சான்றிதழ் கேட்பதும், நம்மிடம் தேசப்பற்றுக்கு இந்தியைச் சான்றாகக் கேட்பதும் ஒரே ஆதிக்கத்தின் இரு முகங்கள்.

ஆட்சிக்கு மொழி தேவை. அது மக்களுக்குப் புரிகிற மொழியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழில் ஆட்சியும் நீதியும் கேட்பது அதனால்தான். அதே உரிமை மலையில் வாழும் தோடருக்கும், தன் மொழியில் வழக்கைச் சொல்ல விரும்பும் கோண்டுப் பெண்ணுக்கும் உண்டு. வன்கொடுமைப் புகார் கொடுக்க வருகிறவருக்கு, காவல் நிலையத்தில் எழுதப்படுவது என்னவென்று புரிய வேண்டும். அதற்குத் தேசிய மொழி எதுவும் தேவையில்லை. எல்லா மொழிக்காரரையும் சமமாக மதிக்கிற அரசுதான் தேவை. தோழர்களே, அந்தச் சமத்துவத்தை டெல்லியிடம் கேட்போம். நம் தெருவிலும் கேட்போம்.