கடலுக்கும் ஒரு கணக்கேடு

கடலோடு பிறந்து கடலோடு வளர்ந்தது தமிழர் வாழ்வு. ஐந்திணையுள் ஒன்றைக் கடலுக்கும் கடல்சார்ந்த நிலத்திற்கும் உரியதாக்கி, அதற்கு நெய்தல் எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். முத்துக் குளித்தலும் சங்கெடுத்தலும் மரக்கலம் செலுத்தலும் கடற்கரையில் வாழும் நம் சமுதாயத்தவர்க்கு வழிவழி வந்த தொழில்கள். இத்துணைச் சிறப்பும் உடைய நாம் ஒன்றைச் செய்யத் தவறினோம். நாள்தோறும் கடலுக்குச் சென்றோம். சென்று கண்டதை எழுதி வைத்தோமில்லை.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழையும் கருத்து எளியது. மீன்பிடிக்கச் செல்லும் ஒவ்வொருவரும், சென்ற நாளையும் வீசிய காற்றையும் ஓடிய நீரையும் கிடைத்த மீனையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். இதனைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என எண்ணிவிடலாகாது. கடலோடியின் அறிவையும் உரிமையையும் ஒருங்கே காக்கும் அரண் இது என்பதே எம் கருத்து.

பாட்டனாரின் ஏடுகள்

எம் பாட்டனார் மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு சிற்றூரில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். மக்ரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், அரிக்கேன் விளக்கின் அருகமர்ந்து நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்றில் நான்கைந்து வரிகள் எழுதுவார். சிறுவராயிருந்த நாம் அருகிற் சென்று, என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்போம். "கடலுக்கும் கணக்கு உண்டு, வாப்பா" என்பார். அதற்கு மேல் அவரும் விளக்கியதில்லை, நாமும் கேட்டதில்லை.

அவர் அரபுத்தமிழில் எழுதப் பழகியவர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறை அவர் காலத்துக் கடற்கரை ஊர்களில் பரவலாக வழங்கிற்று. அவர் மறைந்து சில ஆண்டுகள் சென்றபின் வீட்டைப் பழுதுபார்த்தபோது, பரணிலிருந்து ஏழெட்டு ஏடுகள் கிடைத்தன. மை மங்கிய அவ்வெழுத்தை வீட்டிலிருந்தோரால் கூட்டிப் படிக்க இயலவில்லை. அரபு எழுத்தைக் கண்டதும் அவை மார்க்க ஏடுகள் என்றே கொண்டனர். காலடியில் படலாகாது என்று கருதி, வெள்ளைத் துணியில் பொதிந்து, கல் கட்டி, படகில் எடுத்துச்சென்று ஆழத்தில் விட்டுவந்தனர். அயல்நாட்டில் பணியிலிருந்த எம் தந்தையார் விடுமுறையில் வந்து கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முப்பது ஆண்டுகளில் எந்த மாதத்தில் எந்தப் பாரின் மேல் எந்தக் காற்றில் என்ன மீன் பட்டது என்பதே அவ்வேடுகளின் பொருள்.

எவர்மீதும் குற்றமில்லை. மரியாதை செய்வதாக எண்ணியே அவர்கள் அதனைச் செய்தனர். எனினும் ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த அறிவு ஒரு பிற்பகலில் மறைந்தது. அவர் எழுதியதை நாம் அறியவில்லை; எழுதாதோர் எத்துணைப் பேரின் அறிவு இவ்வாறே மறைந்திருக்கும் என்று அன்று முதல் எண்ணி வருகிறோம்.

நினைவு போதாதா?

அனுபவமே ஏடு, எழுதுவது எதற்கு என்று கேட்போர் உளர். மூத்த கடலோடிகளின் நுண்ணறிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நீரின் நிறம் கண்டு மீனின் வகை சொல்வோரை நாம் அறிவோம். ஆயின் மனித நினைவிற்கு ஓர் இயல்பு உண்டு. பெருவெற்றியை அது பொன்போற் காக்கும். சிறு தோல்விகளைச் சருகுபோல் உதிர்த்துவிடும். சென்ற மாசியில் வலை கிழியக் காரல் பட்ட ஒருநாளை எவரும் மறவார். அதற்கு முன்னும் பின்னும் வெறும் படகோடு திரும்பிய ஒன்பது நாள்களை எவரும் நினைவில் வையார். அந்த ஒருநாளை நம்பி, அடுத்த மாசிக்கும் கடன்பட்டு எண்ணெய் நிரப்புவர். பத்து நாள்களையும் எழுதிவைத்தவர்க்கு மாசியின் உண்மை முகம் தெரியும்.

ஆகவே ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுதுதல் வேண்டும். குறிப்பேட்டில் விலை மிக்க பக்கம் அதுவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. பத்து வலை இட்டு நான்கு மணி நேரத்தில் 40 கிலோ பிடித்த காலம் ஒன்று. முப்பது வலை இட்டு ஒன்பது மணி நேரத்தில் அதே 40 கிலோ பிடிக்கும் காலம் மற்றொன்று. விற்ற இடத்தில் இரண்டும் ஒரே எடைதான். கடல் வறண்டு வருவதை அவ்வெடை காட்டாது. இட்ட வலையையும் செலவிட்ட நேரத்தையும் சேர்த்து எழுதிய குறிப்பே காட்டும். மீன்வள அறிவியலின் அடிப்படையும் இதுவே.

எழுதியோர் பெற்ற பயன்

தமிழில் வழங்கும் மாலுமி என்னும் சொல், முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அச்சொல்லுக்கு ஆசிரியர் என்பது பொருள். இந்துமாக்கடலில் கலம் செலுத்திய தலைவனை ஆசிரியர் என்றே அழைத்தனர். அம்மரபில் தோன்றிய இப்னு மாஜித் 1490 அளவில் காற்றையும் விண்மீனையும் துறைமுகங்களையும் விளக்கிப் பெருநூல் ஒன்று செய்தார். அவர்தம் தந்தையும் பாட்டனாரும் மாலுமிகளே. முன்னோர் குறித்தவற்றைத் தம் அனுபவத்தோடு ஒப்பிட்டு, தவறியவற்றைத் திருத்தியும் எழுதினார். எழுத்தில் இருந்தமையாலன்றோ திருத்த முடிந்தது!

ஆங்கிலேயக் கடற்படை அலுவலர் போஃபர்ட் 1806ஆம் ஆண்டு ஜனவரியில் தம் சொந்தக் குறிப்பேட்டில் காற்றின் வலிமையை எண்ணாற் குறிக்கத் தொடங்கினார். இன்றும் 0 முதல் 12 வரை உலகம் காற்றை அளப்பது அவர் பெயரால் வழங்கும் அளவுகோலில்தான். அமெரிக்கக் கடற்படையின் மோரி, அலுவலகத்தில் குவிந்துகிடந்த பழைய கப்பற் குறிப்பேடுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1847இல் வட அட்லாண்டிக்கின் காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் படத்தை வெளியிட்டார். எழுதிய மாலுமிகள் பேரறிஞர்கள் அல்லர். நாளும் தவறாமல் எழுதினர், அவ்வளவே.

நம் கரையிலும் ஆய்வு இல்லாமலில்லை. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பெற்று, மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிற்று. பின்னர் அதன் தலைமையிடம் கொச்சிக்கு மாறிற்று. தேர்ந்தெடுத்த கரைகளில் தேர்ந்தெடுத்த நாள்களில் வந்திறங்கும் மீனைக் கணக்கிட்டு, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுவது அந்நிறுவனத்தின் முறை. மதிப்பிற்குரிய பணி அது. ஆயினும் அக்கணக்கு கரையில் நின்று எழுதியது. கடலில் நின்றவரின் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

எழுதாதவர் இழப்பது

நம் ஊர்க் கரையில் ஏடு என்று ஒன்று இருந்ததெனில், அது பெரும்பாலும் வணிகரின் கணக்கேடே. முன்பணம் கொடுத்தவர் எழுதினார், வாங்கியவர் கேட்டுக்கொண்டார். எவ்வளவு மீன் கொடுத்தோம், எவ்வளவு கழிந்தது என்பதற்கு மீனவரிடம் சான்றில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு பணிக்கும் திருமறையின் இரண்டாம் அத்தியாயம், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. எளியவர் பக்கத்து உண்மையும் ஏட்டில் ஏறவேண்டும் என்பதே அதன் நோக்கம் என நாம் உணர்கிறோம்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலிற் கலந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. இத்தகைய துன்பம் நேரும்போது மீனவரை நோக்கி எழும் முதல் வினா, முன்பு எவ்வளவு பிடித்தீர்கள் என்பது. வாய்ச்சொல்லுக்கு எவரும் விலை வைப்பதில்லை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் மிகுந்து பவளப்பாறைகள் வெளிறின. அதற்கு முன்னும் பின்னும் அப்பாறைகளை ஒட்டி என்ன மீன் பட்டது என்று நாள்தோறும் எழுதிய ஒரு குறிப்பேடு இருப்பின், அது இன்று எத்துணைப் பெரிய சான்றாக விளங்கும்!

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலை இங்கு நினையாதிருக்க இயலாது. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் அப்போது ஆழ்கடலில் இருந்தனர். எத்தனை படகுகள், எத்தனை பேர் என்னும் எண்ணிக்கையே பல நாள் உறுதிப்படவில்லை. புறப்படுமுன் இன்னார் இன்ன படகில் இன்ன திசையில் சென்றனர், இன்ன நாளில் திரும்புவர் என்று கரையில் ஒரு வரி எழுதிவைத்தல், தேடுவோர்க்கு வழியாகும். காத்திருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் பற்றுக்கோடாகும்.

எழுதும் முறை

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். நீர் பட்டால் மை கரையும், பென்சில் கரையாது. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், காற்றின் திசையும் வலிமையும், நீரோட்டத்தின் திசை, நீரின் நிறமும் தெளிவும், ஆழம் எத்தனை பாகம், வலையின் வகையும் எண்ணிக்கையும், மீனின் பெயர், எடை, விலை, எண்ணெய்ச் செலவு. இவற்றை எழுத ஐந்து நிமிடம் போதும்.

நாளைக் குறிக்கையில் ஆங்கிலத் தேதியோடு ஹிஜ்ரி நாளையும் சேர்த்தெழுதுக. ஹிஜ்ரி நாள் பிறையைக் காட்டும். பிறை கடலின் ஏற்றவற்றத்தைக் காட்டும். முதல் நாளையும் பதினைந்தையும் ஒட்டி நீரின் ஏற்றவற்றம் மிகும். எட்டையும் இருபத்திரண்டையும் ஒட்டிக் குறையும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே கடல்நூலாகவும் பயன்படுவது வியப்பன்றோ!

களைத்து வந்தவர் எழுதுவாரா என்பது நியாயமான வினா. தந்தை சொல்லப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதட்டும். மீன் கிடைக்கும் இடம் பிறர்க்குத் தெரிந்துவிடும் என்பது அடுத்த அச்சம். இடத்தைத் தமக்கு மட்டும் விளங்கும் குறியால் எழுதலாம். பாக் நீரிணையில் எல்லைச் சிக்கல் உள்ள நிலையில், எழுதியதே தமக்கு எதிராகத் திரும்புமோ என்று அஞ்சுவோரும் உளர். இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அதனால்தான் இவ்வேடு மீனவரின் சொந்த உடைமையாக இருத்தல் வேண்டும் என்கிறோம். எவரும் கட்டாயப்படுத்திப் பறித்தலாகாது. காட்டுவதும் காட்டாததும் அவர் விருப்பம்.

இடங்காட்டும் கருவியும் கைப்பேசியும் வந்துவிட்டனவே என்பர் இளைஞர். அவை இடத்தைக் காக்கும்; அன்று ஏன் அங்குச் சென்றோம், ஏன் மீன் படவில்லை என்னும் காரணத்தைக் காவா. மேலும், கருவி பழுதானால் அதனோடு எல்லாம் போம்.

தமிழ்த்துறையின் கடமை

மீன்பிடிக் குறிப்பேட்டுக்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு என்று பெரியோர் வினவலாம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்கு எத்தனை பெயர்கள்! நீரோட்டத்தை நீவாடு என்பர் கடலோடிகள். இச்சொற்கள் வாயில் வாழ்கின்றன. வாய் ஓய்ந்தால் மறையும். நம் வகுப்பறையில் நெய்தல் திணையைக் கற்று மதிப்பெண் பெறும் மாணவர், தம் வாப்பா அன்று காலையில் எந்தக் காற்றில் கடலுக்குப் போனார் என்பதை அறியார். கற்ற நெய்தலும் வாழும் நெய்தலும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருப்பது முறையா?

ஆதலின் நாம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். நம் துறையில் பயிலும் கடற்கரை ஊர் மாணவர் ஒவ்வொருவரும், தம் குடும்பத்தில் அல்லது தெருவில் கடலுக்குச் செல்லும் ஒருவர்க்கு ஓராண்டுக் காலம் எழுத்தராக இருத்தல் வேண்டும். அவர் சொல்வதை அவர் சொல்லாலேயே எழுதுக. ஏடு அவரிடமே இருக்கட்டும். சொற்களை மட்டும் துறை தொகுக்கட்டும். ஊர் ஜமாஅத்துப் பெரியோர் இதற்கு ஊக்கமளித்தால், ஐந்தாண்டுகளில் நம் கரைக்கென ஒரு கடல்நூல் உருவாகும். ஏட்டின் முதற்பக்கத்தில் அதன் பொருள் இன்னதென்று யாவரும் படிக்கும் எழுத்தில் எழுதிவைக்கவும் மறவாதீர். அந்த ஒருவரி இல்லாமையால்தான் எம் பாட்டனாரின் ஏடுகளை இழந்தோம்.

இளைய தலைமுறை இப்பணியை மேற்கொள்ளுமாக. வல்ல இறைவன் அதற்குத் துணைநிற்பானாக.